மூன்றே காலே மாகாணி

அந்தக் காலத்தில் புழுக்களுக்கும் பேச்சு இருந்தது. ஆமணக்குச் செடியில் இருக்கும் காவடிப்புழு கொஞ்சம் அதிகமாகவே பேசும். அதற்குக் காரணமும் இருந்தது. முதுகைக் காவடிபோல் வளைத்து, பின்காலை முன்காலோடு சேர்த்து, மறுபடி நீட்டி அது வைக்கும் ஒவ்வோர் அடியும் ஒரே நீளம். காட்டில் எதை அளப்பதென்றாலும் அதைத்தான் கூப்பிட்டார்கள்.

காட்டுக்கு வைத்தியர் தேவாங்கு. எட்டிப்பட்டையை இடித்துச் சாறெடுத்து மூங்கில் குழலில் ஊற்றி, அதில் ஒரு குச்சியை விட்டு எடுப்பார். குச்சியில் நனைந்த இடத்தைப் புழு நடந்து அளந்து சொல்லும். எட்டிச்சாறு அளவாகப் போனால் மருந்து, மிஞ்சினால் விஷம்.

ஒரு நாள் காலையில் எறும்புதின்னி அலங்கு தன் குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு வந்தது. குட்டிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்.

“மூன்றரை அடி வரைக்கும் இந்த உடம்பு தாங்கும், தாயே. அதுக்கு மேலே ஆகாது” என்ற தேவாங்கு, குச்சியை நனைத்து நீட்டினார். “அளந்து சொல்லப்பா.”

புழு நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியை வைத்தால் ஈரத்தைத் தாண்டிவிடும். ஈரத்தின் ஓரமும் கோடு போட்டதுபோல் இல்லை, கசிந்து பரவியிருந்தது.

“மூன்றுக்கு மேலே இருக்குங்க, நாலுக்குள்ளே” என்றது புழு.

கிளையிலிருந்த அணில் சிரித்தது. “இதைச் சொல்லவா உன்னைக் கூப்பிட்டாங்க? அளவுக்காரராம்! வளைஞ்சா ஒண்ணு, நீட்டினா ரெண்டு. அரையடி வைக்கத் தெரியாதவனுக்குப் பேச்சைப் பாரு!”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். புழுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“மூன்றே காலே மாகாணி” என்றது.

அந்தக் காலே மாகாணியை அது பார்க்கவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டது. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாகச் சொல்பவனை யார் சந்தேகிப்பார்கள்? அணில்கூட வாயை மூடிக்கொண்டது. ‘நாலுக்குள்’ என்பதோடு நின்றிருந்தால் தேவாங்கு கொஞ்சம் சாற்றைக் கீழே கொட்டியிருப்பார். கொட்டவில்லை. முழுவதையும் குட்டியின் வாயில் விட்டார்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் குட்டி விறைத்து, அடங்கிவிட்டது.

“என் கைதான் தப்பு பண்ணிடுச்சு, தாயே. பட்டையை அதிகமா இடிச்சிட்டேன் போல” என்று தேவாங்கு முகத்தை மூடிக்கொண்டார்.

“உங்க மேலே என்ன குறை, வைத்தியரே? அளந்துதானே கொடுத்தீங்க” என்றது அலங்கு.

அந்த ‘அளந்துதானே’ புழுவைத் தைத்தது. பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. தன் பழியை ஒரு கிழவர் சுமந்துகொண்டிருப்பதைப் பார்த்தபடி அது நெடுநேரம் இலையின் அடியில் ஒட்டிக் கிடந்தது.

பிறகு இறங்கி வந்து, கீழே கிடந்த குச்சியில் ஏறியது. சாறு காய்ந்து கறையாகியிருந்தது. மூன்று அடி வைத்தது. பின்காலை ஊன்றிக்கொண்டு, உடம்பை எழுப்பி, நாலாவது அடிக்கு இடம் தேடி அந்தரத்தில் இப்படியும் அப்படியும் ஆடியது.

“என்ன தேடுறே?” என்றது அலங்கு. குட்டியை விட்டு அது நகரவே இல்லை.

“காலே மாகாணியை, அம்மா. காலையிலேயும் அது எனக்குத் தெரியலை. மூணு வரைக்கும்தான் அளந்தேன். மிச்சத்தை வாயால சொன்னேன்.”

அலங்கு அதை நசுக்கவில்லை, சபிக்கவும் இல்லை.

“தெரியலைன்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சிருக்கும்?” என்று மட்டும் கேட்டது.

ஓர் அணில் சிரித்திருக்கும். அவ்வளவுதான் குறைந்திருக்கும். அதை எப்படிச் சொல்வது? புழு வாயைத் திறந்தது, சொல் வரவில்லை. குச்சியோடு குச்சியாக விறைத்து நின்றுவிட்டது.

அன்று தொடங்கியதுதான்: காவடிப்புழு பேசுவதில்லை, கிளை நுனிக்கு வந்ததும் அடுத்த அடியை உடனே வைக்காமல் காற்றில் தடவித் தடவித் தேடுகிறது, யாராவது தொட்டால், அந்தக் கேள்வியை மறுபடி கேட்டுவிட்டார்களோ என்று குச்சிபோல் விறைத்து நிற்கிறது.