முழு பவரில் பதினான்கு பெட்டிகள்

மரியசூசை ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருபது வருடம் இருந்தவர். ஐம்பத்தொன்றாவது வயதில் செண்பகவல்லியிடம் வைஃபை வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அவளுக்கு முப்பத்து நான்கு. அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரி. முந்நூறு பெண்கள் அங்கே ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து, டேப்லெட்டில் வேலைக்கான தேர்வு எழுத வேண்டும். ஒத்திகை சொதப்பினால் தேர்வு மையம் மதுரைக்குப் போய்விடும். அந்த மண்டபத்தை அவள் மரியசூசையிடம் விட்டாள்.

அவர் ஐந்து நாள் கையில் மீட்டரோடு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். தூண் மறைக்கிற இடம், இரும்பு பீரோ நிற்கிற இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பதினான்கு வைஃபை பெட்டிகளையும் தன் கையாலேயே மாட்டினார். பிறகு அத்தனையையும் முழு பவரில் வைத்தார். பனிமலை உச்சியில் ஒற்றை சிக்னல் நிலையத்தைக் காத்தவருக்குப் பவர் என்றால் உயிர்.

ஒத்திகையில் எல்லா டேப்லெட்டிலும் சிக்னல் முழுசாகக் காட்டியது. கேள்வித்தாள்தான் திறக்கவில்லை.

"சிக்னல் ஃபுல்லா இருக்கே மேடம்."

"இருக்கு. ஆனா நாலஞ்சு பெட்டி ஒரே சேனல்ல இருக்கு. ஒண்ணு பேசினா மத்தது எல்லாம் வாயை மூடிக்கிட்டு காத்திருக்கணும். இப்ப எல்லாமே காத்திருக்கு."

அவள் லேப்டாப்பில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினாள். இனி பெட்டிகளே ஒன்றின் சத்தத்தை ஒன்று கேட்டு, நெரிசல் இல்லாத சேனலுக்கு மாறிக்கொள்ளும். பக்கத்துப் பெட்டிக்குத் தொந்தரவு வராத அளவுக்குப் பவரையும் இறக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து மறு ஒத்திகை. முந்நூறு கேள்வித்தாளும் சேர்ந்தாற்போலத் திறந்தன.

திரையில் பவர் கால்வாசியாக இறங்கியிருந்தது. மரியசூசையின் முகம் சுண்டிப்போயிற்று.

"எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கிட்டா, எனக்கு என்ன வேலை மேடம்?"

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்திருங்க" என்றாள் செண்பகவல்லி.

மறுநாள் பத்து மணிக்குத் தேர்வு தொடங்கியது. நாற்பதாவது நிமிடம், ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீர் எட்டாவது பெட்டிக்குள் இறங்கி, அது அணைந்துபோனது. அதன் கீழே இருபத்தைந்து பெண்கள்.

மரியசூசை லேப்டாப்பை இழுத்தார். மிச்சமிருந்த பதின்மூன்றையும் முழு பவருக்கு ஏற்றிவிடத் துடித்தது அவர் கை. செண்பகவல்லி மெதுவாக லேப்டாப்பை மூடினாள்.

"இருபத்தஞ்சு பிள்ளைங்க வாழ்க்கை மேடம்."

"தெரியும். பிள்ளைங்களைப் பாருங்க."

பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் புருவத்தைச் சுருக்கித் திரையை இரண்டு முறை தட்டினாள். பிறகு அவள் விரல் அடுத்த கேள்விக்கு நகர்ந்தது. மற்ற பெண்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. எட்டு நிமிடம் அவர் இமைக்காமல் நின்றார்.

செண்பகவல்லி லேப்டாப்பைத் திறந்தாள். அணைந்த பெட்டியைச் சுற்றியிருந்த நான்கு பெட்டிகள் பவரை ஏற்றிக்கொண்டிருந்தன. மீதி ஒன்பதும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. கல்லூரி முதல்வர் ஜெனரேட்டர்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினார்.

"உங்க பக்கம் ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

நடந்ததை எல்லாம் சொல்லத்தான் மரியசூசை வாயெடுத்தார். ஒரு கணம் நிறுத்தி, "இல்லைங்க" என்றார்.

மண்டபத்தின் படியில் இறங்கும்போது கேட்டார். "அந்த நாலு பெட்டி ஏறினா போதும்னு அதுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"எட்டாவதோட சத்தம் அந்த நாலுக்கும் நல்லா கேட்டுக்கிட்டு இருந்தது. நின்னதும் தெரிஞ்சிருச்சு."

"கேட்கலைன்னா?"

"இருபத்தஞ்சு பிள்ளைங்களும் இந்நேரம் அழுதுக்கிட்டு இருக்கும். பவரைக் கூட்டவும் குறைக்கவும் அதுக்குத் தெரியும் அண்ணாச்சி. எங்கே தொங்கணும்னு தெரியாது."

மரியசூசைக்கு அவரையறியாமல் முதுகு நிமிர்ந்தது.

"அடுத்த வாரம் நாகர்கோவில்ல ஆயிரம் பேர் உட்கார்ற மண்டபம்" என்றாள் அவள்.

"எத்தனை மணிக்கு வருவீங்க மேடம்?"

"நான் வரலை அண்ணாச்சி."