ஓதுவார் வீட்டுப் பரஸ்தானம்

படைத்தவன் உயிர்களுக்கு அறிவைப் பங்கிட்ட வேளையில், சங்கன்குளத்து ஓதுவார் சிவக்கொழுந்தும் அவர் தம்பியர் பிச்சாண்டியும் குற்றாலமும் பிராகாரம் வலம் வந்துகொண்டிருந்தார்கள் போலும். பக்தியில் குறைவில்லை, பங்குதான் கிடைக்கவில்லை.

அந்தச் சிவக்கொழுந்துக்குக் காஞ்சிபுரத்துச் சிவன் கோயில் ஒன்றில் தேவாரம் பாடும் பணி வாய்த்தது. வெள்ளிக்கிழமை மாலைச் சாயரட்சைப் பூசையில் வந்து பாடாவிட்டால் பணி வேறொருவருக்கு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அவர் வேண்டிக் கிடந்த வரம் அது.

மனைவி வடிவாம்பாள் காஞ்சியில் பார்த்த வீட்டைக் கழுவிக் கோலமிட முன்னதாகவே பஸ் ஏறினாள். "வியாழக்கிழமை லாரி வரும். நம்ம வீட்டுக்குள்ள இருக்கறதை ஒண்ணுவிடாம ஏத்தச் சொல்லுங்க. நீங்க மூணு பேரும் அதுலயே ஏறி வந்துருங்க. சொந்தமா எதையும் யோசிக்காதீங்க!"

சொந்தமாக யோசிக்கக் கூடாதென்பதால் சிவக்கொழுந்து சோதிடரிடம் போனார்.

"வியாழன் உமக்குச் சந்திராஷ்டமம்" என்றார் சோதிடர். "திங்கள் காலை நல்ல வேளை. அப்போதே பயணச் சாமானில் ஒன்றை அடுத்த வீட்டில் வைத்துவிடும். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பொருள் புறப்பட்டால் ஆளே புறப்பட்ட கணக்கு. போனதைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவராதீர். புறப்பட்டதைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது."

எதை வைப்பது? சகோதரர் மூவரும் திருநீறு பூசி அமர்ந்து ஆராய்ந்தார்கள்.

"பாடும்போது தட்டுற என் கைத்தாளத்தை வைப்போம்" என்றார் சிவக்கொழுந்து.

"தாளம் மட்டும் போனா நல்ல நேரம் தாளத்துக்குல்லா?" என்றான் குற்றாலம். "பாடப்போற தொண்டை இங்கயே கெடக்குமே!"

"தொண்டையைத் தனியா எப்படிலே வைக்க?"

பிச்சாண்டி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். "அண்ணன் கூடவே போனா தொண்டையும் வந்துரும்லா?"

இத்தகைய ஞானம் தம் குடியில் பிறந்ததை எண்ணிச் சிவக்கொழுந்து கண் கசிந்தார். திங்கள் காலை, தாளத்தோடு அடுத்த வீட்டுக் கந்தப்பரின் கூடத்தில் போய் அமர்ந்தார். கந்தப்பர் நல்ல மனிதர், தனியாள். "வாரும்" என்று சொன்னது மட்டுமே அவர் செய்த பிழை.

உச்சிப் பொழுதில் ஓதுவாருக்குப் பசித்தது. தம்பியர் கையில் வீட்டிலிருந்து குழம்பு வந்தது. குழம்போடு வந்த சட்டி புறப்பட்டுவிட்ட சட்டி, திரும்ப முடியாது. மறுவேளைக்கு வேறு சட்டி வந்தது. சட்டிகள் தீர்ந்ததும் அடுப்பே வந்தது. இரவுக்குக் கட்டில், கட்டிலுக்கு மெத்தை, தனியே கிடந்து என்ன செய்யும் என்று ஆட்டுரல். கடைசியாகப் பீரோவைத் தூக்கி வந்த தம்பியர், உள்ளே கால் வைத்த பிறகே தாங்களும் புறப்பட்டுவிட்டதை உணர்ந்தார்கள்.

"ஓதுவாரே, நான் எங்கவே படுக்க?" என்றார் கந்தப்பர்.

"எங்க வீடு காலியாத்தான கெடக்கு, அண்ணாச்சி!"

கந்தப்பர் தம் கட்டிலையும் பெட்டியையும் பாத்திரங்களையும் ஆள் வைத்து அந்த வீட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை லாரி வந்தது. "ஓதுவார் வீடு எது?" என்றார் ஓட்டுநர்.

சிவக்கொழுந்து கந்தப்பர் வீட்டுச் சன்னல் வழியே தம் வீட்டை நோக்கிக் கை நீட்டினார். "அன்னா இருக்கு. உள்ளே இருக்கறதை ஒண்ணுவிடாம ஏத்தும்."

ஒன்றுவிடாமல் ஏற்றினார்கள். குளத்தில் முழுகிவிட்டு ஈரத் துண்டோடு வந்த கந்தப்பர், "ஏ பாவிகளா, என் கட்டில்லா அது!" என்று அலறித் தொற்றி ஏறினார். லாரி நகர்ந்தது.

"அண்ணே, நாமளும் ஏறணும்லா? வண்டியைக் கூப்பிடட்டா?" என்றான் குற்றாலம்.

"வாயை மூடுலே! புறப்பட்டதைப் பின்னால இருந்து கூப்பிடுவாங்களா?"

கந்தப்பர் மட்டும் லாரியின் மேலிருந்து இவர்களைக் கூப்பிட்டபடியே போனார். அது முன்னாலிருந்து கூப்பிட்டது, தோஷமில்லை என்று பிச்சாண்டி தீர்ப்புச் சொன்னான்.

புழுதி அடங்கியதும் சிவக்கொழுந்து தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்குச் சாயரட்சைக்கு நான் காஞ்சியில் எப்படிலே பாடுவேன்? என் பணி போச்சே!"

"அழாதீங்கண்ணே. பொருள் புறப்பட்டா ஆள் புறப்பட்ட கணக்கு. அப்போ, பொருள் போய்ச் சேர்ந்தா?" என்றான் பிச்சாண்டி.

"ஆளும் சேர்ந்த கணக்கு!" ஓதுவார் முகம் மலர்ந்தது.

குற்றாலம் சுற்றிப் பார்த்தான். "அப்போ இந்தச் சட்டி, பீரோ எல்லாம்?"

"கந்தப்பர் வீட்ல இருக்கறது கந்தப்பரோடது. நம்ம வீட்ல இருந்ததுதான் லாரியில போகுதே. இதுகூடத் தெரியலையா?" என்றார் சிவக்கொழுந்து.

வெள்ளிக்கிழமை அந்தியில் சிவக்கொழுந்து நீராடி, நீறணிந்து, கந்தப்பர் கூடத்தில் வடக்கு நோக்கி நின்று, கேட்டவர் எலும்பும் உருகும்படி ஒரு பதிகத்தைப் பாடி முடித்தார். தம்பியர் தரையில் விழுந்து வணங்கினார்கள்.

"அண்ணே, காஞ்சி எப்படி இருக்கு?"

ஓதுவார் சன்னல் வழியே ஊரை நிதானமாகப் பார்த்தார். "நம்ம ஊர் மாதிரியேதாம்லே இருக்கு. வடிவுதான் இன்னும் வந்து சேரலை. நேரம் பார்க்காமப் புறப்பட்டவ, பாவம், எங்க அலையுதாளோ!"