முட்டு டாக்டருக்கு ஒரு டோக்கன்

சும்மாங்குளத்துக்காரர்கள் தங்கமான மனிதர்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். தொந்தரவே அதுதான்.

அந்த ஊர் முத்துப்பேச்சிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் நல்லபெருமாள், அடுத்தவன் பூவலிங்கம், கடைக்குட்டி தங்கப்பழம். மூவருக்கும் அம்மா என்றால் உயிர். அந்த அம்மாவுக்குக் கால்முட்டு வீங்கிப்போய், தெருக்குழாய் வரைக்கும் போக முடியவில்லை. தண்ணீரைப் பிள்ளைகள் பிடித்து வந்துவிடுவார்கள். குழாயடிச் சண்டையை யார் போடுவது? எதிர்வீட்டுக்காரி தன் பாட்டுக்கு எல்லாருக்கும் முன்னால் குடத்தை வைக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்று, முத்துப்பேச்சி சாப்பிடாமலே படுத்துவிட்டாள். நல்லபெருமாளுக்கு மனசு கேட்கவில்லை.

டவுன் ஆஸ்பத்திரிக்கு முட்டு டாக்டர் ஒருவர் வியாழக்கிழமை மட்டும் வருவார். அவரைப் பார்ப்பது குதிரைக்கொம்பு. விடியும் முன்னே வந்து வரிசையில் செருப்பைப் போட்டு இடம் பிடித்தால்தான் டோக்கன் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார்.

நல்லபெருமாள் அம்மாவின் செருப்பைக் கொண்டுபோய்ப் போட்டான். தம்பிகள் இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். முறை வந்தபோது கம்பவுண்டர், செருப்பு இருக்கிறது, ஆள் எங்கே என்று கேட்டார்.

"வீட்டுல இருக்கா. செருப்பு இங்க கெடக்கு, அவ தார்ரோட்டுல வெறுங்காலோட எப்படி வருவா?" என்று நல்லபெருமாள் நியாயம் கேட்டான்.

கம்பவுண்டர் அடுத்த செருப்புக்கு டோக்கனைக் கொடுத்தார். போகும்போது, அடுத்த வாரம் உங்கள் செருப்பைப் போடுங்கள், அம்மாவைக் கூட்டி வாருங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

அப்படியே செய்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்று ஜோடிச் செருப்பு வரிசையில் கிடந்தது. யாருடையது என்று கேட்டதற்கு, பொய் சொல்லத் தெரியாத பிள்ளைகள், எங்களுடையது என்றார்கள். மூன்று டோக்கன் கிடைத்தது. டாக்டர் மூவரின் முட்டையும் தட்டிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

நல்லபெருமாள் சந்தோஷமாக வெளியே ஓடிவந்தான். "எம்மா, முட்டுல ஒண்ணுமே இல்லையாம்."

முத்துப்பேச்சி தன் முட்டைப் பார்த்தாள். "அப்ப இது என்னல?"

"அதை அவரு பாக்கலம்மா."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த கம்பவுண்டர், அடுத்த வியாழனுக்கான டோக்கனை அங்கேயே எழுதி முத்துப்பேச்சியின் கையில் கொடுத்து, செருப்பே வேண்டாம் என்று கும்பிட்டார்.

ஒருவழியாக அந்த வியாழனும் வந்தது. டாக்டர் பரிவோடு விசாரித்துவிட்டு, "கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிக்காதீங்க" என்றார். அதே நேரம் அவருக்குப் போன் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தார்.

முத்துப்பேச்சி நடந்தாள். கதவு திறந்திருந்தது. வாசலைத் தாண்டினாள், தெருவுக்கு வந்தாள், கடைவீதியில் திரும்பினாள். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள். அவள் வலியில் உதட்டைக் கடிப்பதைப் பார்த்து நல்லபெருமாளுக்குக் கண் கலங்கியது. அம்மாவை நிறுத்தலாமா என்று தங்கப்பழம் கேட்டான்.

"டாக்டர் போதும்னு சொன்னாராலே? அவரு கெடைச்சதே பெருசு. அவரு பேச்சை மீறப்படாது" என்றான் நல்லபெருமாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தபோது, பின்னால் கனத்த மனிதர் ஒருவர் விழுந்தடித்து ஓடிவந்து அவர்களைப் பிடித்தார். மூச்சு வாங்கியதில் அவருக்குப் பேச்சு வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். போகச் சொல்கிறார் போல என்று முத்துப்பேச்சி நடையைக் கூட்டினாள்.

மூவரும் நின்று யோசித்தார்கள்.

"எங்கயோ பாத்த மொகமா இருக்கே. டாக்டரு சாடை தெரியுதுல்லா?" என்றான் பூவலிங்கம்.

"டாக்டர்னா நாற்காலியில இருப்பாருல. இவரு ரோட்டுல நிக்காரு" என்றான் தங்கப்பழம்.

நல்லபெருமாள் தீர்ப்புச் சொன்னான். "யாரா இருந்தா என்ன? மனுசன் மூச்சுக்குத் தவிக்காரு. டாக்டருட்ட கொண்டுபோவோம்."

அம்மாவோடு நடக்கப் பூவலிங்கத்தை அனுப்பிவிட்டு, மற்ற இருவரும் அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே டாக்டர் நாற்காலி காலியாக இருந்தது. டாக்டரைக் காணோம் என்று கம்பவுண்டரும் தேடப் போயிருந்தார். தூக்கி வந்தவரைப் பெஞ்சில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மெதுவாக மூச்சுத் திரும்பியது.

"யோவ், நான்தான்யா டாக்டர்" என்றார் அவர்.

நல்லபெருமாளுக்கு முகம் மலர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்களும் டாக்டரா? ரொம்ப நல்லதாப் போச்சுங்கய்யா. இந்த டாக்டரைப் பாக்க நாங்க படாத பாடில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு. எங்க அம்மாவைக் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க."