முதலாளி அவுட்!

மாற்று விக்கெட் கீப்பர் தேடியது ஒரு கிரிக்கெட் அணி. வந்தவர்களைச் சோதிக்க அணியின் முதலாளி பொன்னுரங்கமே பேட்டோடு இறங்கிவிட்டார்.

"பந்து ஸ்டம்புக்கு வெளியதான் வரும். நான் தொடமாட்டேன், கிரீஸ் கோட்டையும் தாண்டமாட்டேன். என்னை அவுட்டாக்குறவனுக்குத்தான் இடம்!"

வந்தவர்களெல்லாம் பந்தைப் பிடித்தார்கள், திருப்பி எறிந்தார்கள், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

கடைசியில் கயத்தாற்று இசக்கிமுத்து வந்தான். அவனும் பிடித்தான், ஆனால் எறியவில்லை. ஸ்டம்பை ஒட்டிச் சும்மா நின்றான்.

ஒவ்வொரு பந்துக்கும் பிறகு கோட்டைத் தாண்டி நாலடி முன்னே போய், பெரிய ஆட்டக்காரர் மாதிரி பிட்ச்சைத் தட்டுவது முதலாளியின் வழக்கம். இப்போதும் போனார். இசக்கி ஸ்டம்பைச் சாய்த்தான். அம்பயர் விரலைத் தூக்கினார்.

"பந்துதான் முடிஞ்சிருச்சேடா!"

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு மொதலாளி. எனக்கு இன்னும் கையிலயே இருக்கு."