கோலமாவில் எழுதிய விமர்சனம்

முன்னொரு காலத்தில், கண்ணை வைத்துக்கொண்டு காதால் படம் பார்த்த ராஜா ஒருவர் இருந்தார். அரண்மனைக்குப் பக்கத்தில் பெரிய சித்திரக்கூடம் கட்டி, ஓவியர்களை வரவழைத்து ஆளுக்கொரு சுவர் கொடுத்தார். ராணி இறந்ததிலிருந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன், பாவம். கூடம் கட்டினால் மனசு ஆறும் என்று யாரோ சொன்னார்கள், கட்டிவிட்டார். ஆனால் எதையும் நின்று பார்க்க மாட்டார். நடுக்கம்பளத்தில் நேராக நடப்பார். ஆஸ்தான ரசிகர் தாண்டவராயர் கூடவே வந்து, ஒவ்வொரு படத்துக்கும் ராகம் போட்டு விமர்சனம் சொல்லுவார். அதைக் கேட்டு ராஜா "இருக்கட்டும்" என்பார், அல்லது "வெள்ளையடி" என்பார். உடனே சுண்ணாம்புச் சட்டி வந்துவிடும்.

கடைசிச் சுவர் பவளாயி என்ற பெண்ணுடையது. அவள் இரண்டு வாழை இலை வரைந்திருந்தாள். ஒன்றில் சோறும் குழம்பும். மற்றதில் தண்ணீர் தெளித்திருக்கிறது, பரிமாறவில்லை. அதற்கு முன்னால் உட்காரும் மணை காலியாகக் கிடக்கிறது. அவ்வளவே படம். போருக்குப் போன அவள் புருஷன் திரும்பி வரவில்லை. அவனை நினைத்து அவள் செய்தது இந்த ஒரு சுவர்தான்.

தாண்டவராயர் உதட்டைப் பிதுக்கினார். "ராஜா இல்லை, யானை இல்லை, தெய்வம் இல்லை. சத்திரத்து அடுப்படியில் வரைய வேண்டியதை இங்கே வரைந்திருக்கிறாள், மகாராஜா."

"வெள்ளையடி" என்றார் ராஜா.

"சாமி, ஒரே ஒரு தடவ பாத்துடுங்க. பாத்துட்டு அழிச்சிடுங்க" என்றாள் பவளாயி. ராஜா நடந்துகொண்டே இருந்தார்.

அரண்மனை விகடகவி மிளகனுக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து முன்னால் நின்றான். "மகாராஜா, அவசரம் வேண்டாம். இந்தப் படத்துக்கு நாளைக்கு நான் விமர்சனம் சொல்றேன்."

ராஜா சிரிப்பது மிளகனிடம் மட்டும்தான். அதனாலேயே தாண்டவராயருக்கு அவனைக் கண்டால் வயிறு எரியும். "சொல்லட்டும், பிரபு. ஆனால் புகழவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது, வாயையே திறக்கக் கூடாது. அப்படியும் தங்களுக்குப் புரிய வேண்டும்" என்றார் குழைந்து.

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. "ஆகட்டும். தவறினால் சுண்ணாம்புச் சட்டியை நீயே தூக்கி வந்து அழிக்க வேண்டும், மிளகா."

மறுநாள் காலையில் மிளகன் வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். கட்டளை என்றால் கட்டளை. பிறகு கூடை கூடையாகக் கோலமாவு கொண்டுவந்து, எல்லாப் படங்களுக்கும் எதிரே தரையில் மெல்லியதாகத் தூவினான். கூடத்தின் கதவை ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். பவளாயி மூலையில் தலை நிமிராமல் இருந்தாள்.

சாயங்காலம் ராஜா தாண்டவராயரோடு வந்தார். "எங்கே விமர்சனம்?"

மிளகன் தரையைக் காட்டினான்.

சொல்ல வேண்டியவன் வாயைக் கட்டியிருந்ததால் ராஜா தாமே குனிந்து படிக்க வேண்டியதாயிற்று. யானைப் படத்துக்கு முன்னால் கால்தடங்கள் நிற்காமல் கடந்து போயிருந்தன. வேட்டைப் படத்தின் முன்னால் மட்டும் மாவு மிதிபட்டுக் கிடந்தது. அதை வரைந்தது தாண்டவராயரின் மைத்துனன். ராஜா உற்றுப் பார்த்தார். அத்தனையும் ஒரே ஆளின் தடம், வலது பெருவிரல் வெளிப்பக்கம் வளைந்த தடம். மெல்லத் திரும்பித் தாண்டவராயரின் காலைப் பார்த்தார். கணுக்கால் வரை வெள்ளை. தாண்டவராயர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கடைசிச் சுவருக்கு வந்ததும் ராஜாவின் நடை தளர்ந்தது. அங்கே விதவிதமான கால்கள். ஒருவர் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். ஒரு பெண் கூடையை இறக்கி வைத்து நின்றிருக்கிறாள். யாரோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கிழவரின் கைத்தடி ஒரே இடத்தில் அழுந்தியிருக்கிறது. தடங்களைத் தொடர்ந்து போன ராஜா சுவரருகே வந்து, முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு இலை. ஒரு காலி மணை.

வெகுநேரம் அசையாமல் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோது, அத்தனை தடங்களுக்கு நடுவே தம்முடைய பாதமும் ஆழமாகப் பதிந்திருப்பதைக் கண்டார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "அடேய் மிளகா, என் காலும் விமர்சனம் எழுதிவிட்டதே!"

மிளகனின் வாய்க்கட்டைத் தம் கையாலேயே அவிழ்த்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். பவளாயியிடம், "எனக்கும் இப்படித்தானம்மா. இந்தச் சுவரை இனி யாரும் தொட மாட்டார்கள்" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வேறென்ன வேண்டும், கேள்" என்றார் மிளகனிடம்.

"நின்னு பாக்குறவங்களுக்குக் கால் வலிக்குது, மகாராஜா. இங்க ஒரு பலகை போடச் சொல்லுங்க."

அகலமான பலகை ஒன்று வந்தது. பகலெல்லாம் ஜனங்கள் அதில் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். சாயங்காலம் ராஜா வருவார். பலகையின் ஓரமாக, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்காருவார். மிளகன் கூடவே வருவான். கால் எவ்வளவு வலித்தாலும் அந்த இடத்தில் மட்டும் அவன் உட்கார்ந்ததே இல்லை.