மருந்துப் பெட்டி

ஒன்பது நாளாக மருந்து அரைத்ததில் சீடர் குழந்தைவேலருக்குக் கை மரத்துப் போயிருந்தது. மழை விட்டும் வைத்தியசாலை வாசலில் கூட்டம் விடவில்லை. அத்தனை பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு.

சீடர் என்றதும் இளவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, தலை நரைத்த பிறகு வைத்தியம் படிக்க வந்த மனுஷன். குரு உமையாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"அம்மா, மருந்து குடுத்தா நிக்குது. மூணாம் நாளே திரும்பி வந்துடறாங்க. மருந்துல என்ன குறை?"

உமையாள் களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தார். "அரைங்க" என்றார்.

அந்நேரம் சிட்டு தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். இது மூன்றாவது தடவை. ஐந்து வயசுப் பிள்ளை. கண் குழிந்து, உதடு வெடித்து, அழவும் வலுவில்லாமல் கிடந்தது. இது பிழைக்காது என்றே குழந்தைவேலருக்குப் பட்டது.

"மருந்தை எதுல குடுத்தே?" என்று கேட்டார் உமையாள்.

"ஐயா சொன்னபடிதாம்மா. கோயில் குளத்துத் தீர்த்தத்துல கரைச்சு."

உமையாள் சீடரைப் பார்த்தார். "எல்லாருக்கும் அப்படித்தான் சொன்னீங்களா?"

"ஆமாம்மா. தீர்த்தத்துல குடுத்தா மருந்துக்கு வேகம் கூடுமேன்னு... குளம் நிறைஞ்சு கண்ணாடியாட்டம் இருக்கு. நானே அதைத்தான் குடிக்கிறேன்."

உமையாள் சிட்டுவிடம் திரும்பினார். "இந்த மழையில உங்க தெருச் சாக்கடை எங்கே போச்சு?"

"வேற எங்கம்மா போகும்? குளத்துலதான்."

முந்தின நாளிலிருந்து தனக்கும் வயிறு சரியில்லை என்பது அப்போதுதான் குழந்தைவேலருக்கு உறைத்தது.

உமையாள் அவரைத் திட்டவில்லை. "நம்ம கிணத்துத் தண்ணியை வடிகட்டிப் பானையில ஊத்துங்க. கொதிக்கணும்."

"விறகெல்லாம் ஈரம்மா. காலையிலேருந்து ஊதிப் பார்த்துட்டேன்."

உமையாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் அப்பா விட்டுப்போன தேக்குப் பெட்டி உள்ளே இருந்தது. அதிலிருந்த பொட்டலங்களைப் பாயில் கொட்டிவிட்டுக் கோடரியை எடுத்தார். முதல் வெட்டு தவறித் தரையில் விழுந்தது.

"ஐயோ அம்மா! மருந்துப் பெட்டி!"

இரண்டாவது வெட்டு தவறவில்லை.

பானை தளதளவென்று கொதித்தது. ஆற வைத்து, வெல்லமும் உப்பும் கரைத்து, உமையாள் பிள்ளையின் வாயில் கரண்டி கரண்டியாக விட்டார். வாசலில் நின்றவர்களுக்கும் சொம்பு சொம்பாக வெந்நீர் போயிற்று.

பொழுது சாயும்போது, ஒரு நாளாக மூத்திரமே போகாத பிள்ளை தாயின் மடியில் மூத்திரம் பெய்தது. சிட்டு நனைந்த புடவையைத் தொட்டுப் பார்த்து, சிரித்து, அப்படியே அழுதுவிட்டாள்.

அடுப்பில் கடைசிப் பலகை கனிந்துகொண்டிருந்தது. குழந்தைவேலருக்கு மனசு ஆறவில்லை.

"பெட்டி போச்சேம்மா. நாளைக்கு வர்றவங்களுக்கு மருந்தை எதுல வைக்கிறது?"

உமையாள் ஆறின தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"அவங்க வரக் கூடாதுன்னுதானே எரிச்சேன். குடிச்சுட்டு, அடுத்த பானையை ஏத்துங்க."