சாக்ஸபோனுக்கு நாற்காலி எங்கே?

குளத்தங்கரையில் மிருகங்களின் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. மரக்குழல் ஊதும் கொக்குகள் இடப்பக்கம். பித்தளை எக்காளம் ஊதும் யானைகள் வலப்பக்கம். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது செயலாளர் நரி. அதற்கு எதையும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் செயலாளர்.

சிங்கராஜாவின் குட்டிக்குப் பல் முளைத்தது. மூன்று நாளாக ஓயாத அழுகை. கண் சிவந்துபோன சிங்கம் குழுவிடம் வந்து கர்ஜித்தது.

"பொழுது சாயறதுக்குள்ள குட்டியைத் தூங்க வையுங்க! இல்லேன்னா உங்க எல்லாரையும் தின்னுட்டு நானாவது தூங்குவேன்!"

கொக்குகள் ஊதின. அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. யானைகள் ஊதின. குட்டி பயந்துபோய் இன்னும் வீறிட்டது.

அப்போது ஓர் எறும்புத்தின்னி சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"ஐயா, நான் வாசிச்சுப் பாக்கட்டுமா?"

"இரு, இரு! நீ எந்தப் பக்கம்? அதை முதல்ல சொல்லு!" என்றது நரி.

"பித்தளைதானே? இங்க வா!" என்றது ஒரு யானை. கிட்டப் பார்த்ததும் முகம் சுளித்தது. "ஐயய்யோ, ஊதுற இடத்துல நாணல் சீவாளி! கொக்குக் கூட்டத்துக்கே போ!"

கொக்குகள் இறக்கையை விரித்து மறித்தன. "உடம்பெல்லாம் பித்தளை! எங்களுக்குக் கண்ணு கூசுது!"

நரி தீர யோசித்தது. சீவாளியைக் கழற்றிக் கொக்குகளிடம் கொடுத்தது. மிச்சத்தை யானைகளிடம் கொடுத்தது.

"இப்போ ரெண்டு பக்கமும் உனக்கு இடம் இருக்கு. ம், ஊது!"

எறும்புத்தின்னி வெறுங்கையோடு நின்றது. பாவம், அதற்கும் அழுகை வந்துவிட்டது.

வெயில் இறங்கியது. சிங்கம் நகத்தைத் தீட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்த யானைகள் நடுங்கிப்போய் வாத்தியத்தைத் திருப்பிக் கொடுத்தன. கொக்குகளும் சீவாளியை நீட்டின.

எறும்புத்தின்னி சேற்றில் நின்றபடியே ஊதியது. குழலின் குழைவும் எக்காளத்தின் கனமும் சேர்ந்து வந்தன. குட்டி விசும்பியது. கொட்டாவி விட்டது. தூங்கியது. சிங்கமும் அதன் பக்கத்திலேயே சாய்ந்தது.

"செல்லாது! செல்லாது!" நரி குதித்து எழுந்து கத்தியது. "இடம் முடிவாகாம வாசிச்சது செல்லவே செல்லாது!"

சிங்கம் ஒரு கண்ணைத் திறந்தது.

உடனே குழுவில் ஒரு நாற்காலி காலியானது. எறும்புத்தின்னி அதில் உட்கார்ந்து மீதிப் பாட்டை வாசித்தது.

வந்தவர் எந்த வரிசை என்று விசாரிப்பதற்கு முன், அவர் வாசிப்பதை ஒருமுறை காது கொடுத்துக் கேட்க வேண்டும்.